தவுக்கேயின் டிரைவர்

"ரப்பர் டயர் வேணாம்லா. நாத்தம் வரும்," என்றான் லியோங்.

சன்னாசிக்கு முகம் சுருங்கிவிட்டது. "புது ரப்பர்ல ஏது நாத்தம், சின்னத் தவுக்கே? என் காருங்க எல்லாத்துக்கும் ரப்பர்தான் போட்டிருக்கேன். வேணும்னா மோந்து பாருங்க."

வீட்டு ஜன்னல் பலகையில் ஏழு கார்கள் வரிசையாக நின்றன. பிஸ்கட் டின்னை வெட்டி, பால் டின் மூடியில் சக்கரம் வைத்து, சன்னாசி பொழுதுபோக்காகச் செய்தவை. ஈப்போவில் அவன் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருகிற கார்களை அப்படியே சாண் நீளத்தில் செய்துவிடுவான். துரையின் காரில் நாய் கடித்த சீட்டு இருக்கும். டாக்டர் காரில் நசுங்கிய மட்கார்டு இருக்கும். யார் கார் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

"ரப்பர் வேணாம், தகரம் வேணாம், ஆணியும் வேணாம். பிரம்பு, காகிதம் மட்டும் போதும். ஒரு ஆள் நீளம் செய்யணும். அப்பா கார் மாதிரியே இருக்கணும். கடையில ஒருத்தன் செஞ்சு குடுத்தான், மாட்டு வண்டி மாதிரி இருக்கு. அப்பாவுக்குக் கோவம் வரும்லா."

அப்பா என்றால் பெரிய தவுக்கே, ஈயச் சுரங்க முதலாளியான சீனர். லாரியோடு தோட்டம் தோட்டமாகப் போய் வந்ததில் மகனுக்குத் தமிழ் ஓரளவு பழகியிருந்தது.

அவன் போனதும் சன்னாசியின் மனைவி வீரம்மா கேட்டாள். "பெரிய மனுஷருக்கு எதுக்குங்க காகிதக் காரு? அந்தப் பையனும் ஒரு மாதிரிதான் இருக்கான். பணக்கார வீடு, சட்டைக் கையில கறுப்புத் துணி ஒட்டுப் போட்டிருக்கு."

"பணம் இருக்கிறவங்க ஆசை நமக்கெங்க புரியப்போவுது?" என்றான் சன்னாசி. செமோர் தோட்டத்தை விட்டு இருவரும் ஈப்போவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் அளவெடுக்கத் தவுக்கே வீட்டுக்குப் போனான். கொட்டகையில் பச்சை நிறக் கார் துணி போர்த்தி நின்றது. துணியின்மேல் ஒரே தூசி.

"இதை ஓட்டுறது இல்லையா?"

"பழைய டிரைவர் ஊருக்குப் போயிருச்சு. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது," என்றான் லியோங்.

அந்த வார்த்தை சன்னாசியின் மனதில் ஒட்டிக்கொண்டது. தோட்டத்தில் துரை காரைத் துடைத்த நாளிலிருந்தே ஸ்டீயரிங் பிடிக்க அவனுக்கு ஆசை. ஓட்டப் பழகி லைசென்சும் எடுத்துவிட்டான். வேலைதான் கிடைக்கவில்லை. "இதுக்கு முன்ன யாருக்கு ஓட்டின?" என்று கேட்டே எல்லோரும் திருப்பி அனுப்பினார்கள்.

பன்னிரண்டு நாள் வேறு நினைப்பே இல்லை. பட்டறை விட்டு வந்ததும் பிரம்பை வளைத்துக் கட்டுவான், கஞ்சிப் பசையில் காகிதம் ஒட்டுவான். காகிதத்தை முறுக்கிச் சுருட்டி, விளக்குக் கரி பூசினான். நிஜ டயர் தோற்றது. சிகரெட் டின்னில் கிடைத்த வெள்ளித்தாள் விளக்குகளாயிற்று. பின் சீட்டில் பெரியவரின் சுருட்டு விழுந்து பொசுங்கிய ஓட்டையைக்கூட விடவில்லை.

பத்தாம் நாள் பார்க்க வந்த லியோங் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தான். "இதுதான் அப்பா கார்," என்றான். "ஒரு டிரைவரும் செஞ்சு வை."

அவன் படியிறங்கியதும் வீரம்மா புருஷனின் கையைப் பிடித்தாள். "உங்க மூஞ்சியையே வச்சிருங்க."

"என்னடி சொல்ற?"

"தவுக்கே காரைப் பார்ப்பாரு. டிரைவர் யாருன்னு கேப்பாரு. இவனே வந்து எனக்கு ஓட்டட்டும்னு சொல்ல மாட்டாரா?"

சன்னாசி சிரித்தான். ஆனால் செய்தான். தன் மீசை, தன் இடது புருவத்துத் தழும்பு, வெள்ளைக் கோட்டு, தொப்பி. வீரம்மா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "காது மட்டும் பெருசா போச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தள்ளுவண்டியில் காரை ஏற்றிப் போனான். லியோங் அவனைப் பக்கவாசல் வழியாகப் பின் முற்றத்துக்குக் கூட்டிப் போனான். குடும்பமே அங்கே நின்றது. எங்கிருந்தோ ஊதுவத்தி மணந்தது. பெரிய தவுக்கேயை மட்டும் காணோம்.

லியோங்கின் தாயார், நரைத்த தலை, காரைச் சுற்றி வந்தாள். பின் சீட்டு ஓட்டையைக் கண்டதும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் டிரைவரைப் பார்த்தாள், சன்னாசியைப் பார்த்தாள்.

"இது யாரு?" என்று மலாயில் கேட்டாள்.

சன்னாசி நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தாங்கம்மா. லைசென்ஸ் இருக்கு. தவுக்கே எப்பக் கூப்பிட்டாலும் வாரேன்."

அந்த அம்மாள் அவன் பக்கம் வந்தாள். "பொண்டாட்டி இருக்கா?"

"இருக்காங்க."

"பிள்ளைங்க?"

"இதுதான் முதல். வயித்துல ஏழு மாசம்."

குடும்பத்தைப் பற்றியெல்லாம் விசாரிக்கிறாளே, வேலை கிடைத்த மாதிரிதான் என்று அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த அம்மாள் காருக்குள் கையை விட்டு, பொம்மையைப் பிய்த்து எடுத்தாள். அவன் கைகளில் வைத்து, மார்போடு சேர்த்துப் பிடிக்கச் செய்தாள்.

"அவர் செத்து இன்னியோட நாப்பத்தொன்பது நாள். எரிச்சா இதெல்லாம் அவர்கிட்டப் போய்ச் சேர்ந்துரும். அவர்கூடப் போற வயசா உனக்கு? வீட்டுக்குப் போ," என்றாள்.

லியோங் தீக்குச்சியைக் கிழித்துக் காரின் அடியில் வைத்தான்.