இடதுபக்கம் ஒதுங்கு

ஆஸ்திரேலியாவின் ஜூலைக் குளிர். விடிந்தும் விடியாத நேரம். கான்பெரா ஏரியைச் சுற்றும் தார்ப்பாதையில் கெர்ரின் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். முப்பது கிலோமீட்டரில் பதினொன்று முடிந்திருந்தது. பின்னால் சைக்கிள் மணி அடித்தது. எல்லோரையும் போல இடதுபக்கம் ஒதுங்கினாள். யாரும் கடந்து போகவில்லை.

மணி மறுபடி அடித்தது. உறைபனி மூடிய புல்லில் இறங்கினாள்.

"அதான் வழி விட்டாச்சே, போய்த் தொலையேன்!"

"இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் போ, செல்லம்," என்றது ஓர் ஆண்குரல்.

இன்னும் இடதுபக்கம் என்றால் ஏரிதான். ஆத்திரத்தோடு திரும்பினாள். ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. வெண்பனியில் அவள் காலடித் தடங்கள் மட்டும் இருந்தன.

மணி மூன்றாம் முறை அடித்தது. பின்வாங்கியவளின் குதிகால் தண்ணீரில் நனைந்தது. பனியின் மேல் ஒற்றை டயர்த் தடம் ஒன்று, அவசரமே இல்லாமல், அவளை நோக்கி நீண்டுகொண்டே வந்தது.