அட்டையில் ஒரு பொய்

“படத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடறேம்மா. சார் ஒரு பொய் எழுதி வெச்சிருக்கார்!”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அருங்காட்சியகத்தின் புதிய காப்பாட்சியருக்கு வியர்த்துவிட்டது. பின்னே? எதிரே உட்கார்ந்திருந்தவர், போன மாதம் காலமான பழைய காப்பாட்சியரின் மனைவி.

ஊர் வரலாற்றைத் தூசு தட்டியே ஆயுளைக் கழித்த மனிதர் அவர். யார் எதைச் சொன்னாலும், “சான்று இருக்கா?” என்பார். ஊர் வைத்த பெயரே சான்று சார்தான். இன்னும் அரைமணியில் அவர் படத்தைத் திறக்க நகராட்சித் தலைவர் வருகிறார். படத்துக்குக் கீழே, ‘சான்றின்றி ஒரு சொல்லும் எழுதாதவர்’ என்று பொறித்தும் ஆகிவிட்டது.

“எதுல பொய்?”

“அதோ அந்த மணி. கடைத்தெருவுல தீப்பிடிச்சப்போ, மணிக்கூண்டுக் காவல்காரர் அதை அடிச்சு ஊரைக் காப்பாத்தினார்னு அட்டையில எழுதியிருக்கார். ஆனா அந்த நேரத்துல காவல்காரர் ஆஸ்பத்திரியில இருந்திருக்கார். அவர் கையெழுத்தோட அந்த ஆஸ்பத்திரிப் பதிவேடு கிடைச்சிருக்கு. இதை எப்படிம்மா மறைக்கிறது?”

அந்தம்மாள் பதறவே இல்லை. சிரித்தார்.

“பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. போட்டது போட்டபடி ஓடிட்டார் பாவம். தெரிஞ்சிருந்தா வேலை போயிருக்கும்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாம என்ன? காவல்காரர்தான் அடிச்சார்னு முதல்ல சொன்னது ஒரு பதினோரு வயசுப் பையன். ஊரும் நம்பிடுச்சு. அன்னிக்குப் பிறந்த பொண்ணு, இப்ப தன் பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து, ‘எங்கப்பா அடிச்ச மணி’ன்னு காட்டுறா. அட்டையை எப்படி மாத்துறது, சொல்லு!”

“அப்படின்னா நிஜமா அடிச்சது யாரு?”

“அந்தப் பையனேதான்.”

“சான்று இருக்கா?” வாய் தவறிக் கேட்டுவிட்டு, புதியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இருந்துச்சு. கயிறு அறுத்து வலது உள்ளங்கை முழுக்கத் தழும்பு. நாற்பத்தாறு வருஷம் அந்தக் கையைப் பிடிச்சிட்டுத்தானே நான் வாழ்ந்தேன்!”