இரண்டு டப்பா

பட்டியலைப் பார்த்த கையோடு தஹ்மீனா விஸ்வநத்தத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

காளான் மாத்திரை நுரையீரலுக்கு நல்லதா என்று பட்டாசுத் தொழிலாளிகளிடம் ஆறு மாதம் நடந்த ஆராய்ச்சி அது. பாதிப் பேருக்குக் காளான், பாதிப் பேருக்கு வெறும் மாவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது என்று, வீடு வீடாக டப்பா கொடுத்த தஹ்மீனாவுக்கே இன்றுதான் தெரியும்.

பத்திரகாளியும் அவள் புருஷன் பலவேசமும் ஆளுக்கொரு டப்பா வாங்கியவர்கள். பலவேசம் நாலாவது மாதமே இருமி இருமிப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆளில்லாத அறையில் இப்போதும் அந்த இருமல் கேட்கிறது என்பாள் பத்திரகாளி. பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். இன்றும் அதையே கேட்டாள்.

"அவுகளுக்குக் குடுத்தது எது தாயி?"

தஹ்மீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணனுக்குக் காளான்தான்க்கா. உங்களுக்குத்தான் மாவு. மருந்து கிடைக்காமப் போயிட்டாகளேன்னு இனிமே மருகாதீக."

பத்திரகாளி கையை உருவிக்கொண்டாள்.

"எனக்கா மாவு? முதல் மாசமே மூச்சு லேசாச்சே!"

"மருந்துன்னு நம்பி முழுங்குனா மாவுக்கும் அப்படித் தோணும்க்கா."

பத்திரகாளி அலமாரியில் இருந்த இரண்டு டப்பாக்களையும் வெறித்தாள். பிறகு உள்ளறைப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"என்னோடதுதான் நெச மருந்துன்னு நெனச்சேன் தாயி. ரெண்டாம் மாசத்துலருந்து, அவுகளுக்குத் தெரியாம, என் மாத்திரைய அவுக டப்பாவுல மாத்திப் போட்டேன். அவுகளோடத நான் முழுங்கிட்டேன்."