யாருடைய சாக்கடை?

மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று கைகாட்டியதில் கிடப்பில் கிடந்த வேலைகளை விசாரிக்க, நாடாளுமன்றக் குழு பெங்களூருக்கு வந்திருந்தது. அன்றைய விவகாரம், மர்பி டவுன் பக்கத்துத் திறந்த சாக்கடை. ஏழு வயதுக் குழந்தை ஜூலியா மழையில் அதற்குள் விழுந்து இறந்து ஒரு வருடமாகியும் மூடி போடவில்லை.

சுருக்கெழுத்தாளர் டிரேவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"நிலம் மத்திய அரசோடது. மூடியும் அவங்கதான் போடணும்," என்றார் மாநில அதிகாரி.

"நிலம்தான் எங்களோடது. ஓடுறது உங்க ஊர்த் தண்ணிதானே?" என்றார் மத்திய அதிகாரி. யாரோ சிரித்தார்கள்.

"குழந்தையோட குடும்பத்தை ஏன் கூப்பிடல?" என்றார் குழுத் தலைவர்.

அன்றைக்கு முதல் தடவையாக இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "வீட்டைக் காலி பண்ணிட்டாங்க சார். எங்க இருக்காங்கன்னே தெரியல."

டிரேவரின் பென்சில் நின்றது. சுருக்கெழுத்தாளர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது; பிறர் பேசாத ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது. அந்தப் பதிலையும் எழுதினார்.

தலைவர் விசாரணையை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்.

கூட்டம் கலைந்தபின் டிரேவர் குறிப்பைப் படிக்கப் படிக்க, காலையில்தான் அறிமுகமான தட்டச்சர் விஜி தட்டச்சு செய்தாள்.

"நல்ல கூத்து சார் இவங்களோட! ஆமா, ஜூலியாவுக்கு இனிஷியல் என்ன?"

"யாரும் சொல்லல."

"அறிக்கையில முழுப் பேரு வேணுமே. யாரைப் போய்க் கேக்கிறது?"

டிரேவர் குறிப்பேட்டை மூடிவைத்தார்.

"டி. போட்டுக்கோம்மா."

"அப்பா பேரு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"என் பேருதாம்மா."