எங்கே வயதானாலும்

காலிசெய்த வீட்டில் திரைச்சீலைகூட இல்லை. காலை வெயில் தடையில்லாமல் கூடம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அடுக்கிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நர்ஸ் போனோடு நிற்கிறாள். ஸ்பீக்கரில் பென்ஷன் ஆபீஸ் பெண்ணின் குரல். வேறு நாட்டுக்குக் குடிபோவது முடிவானதிலிருந்து மனசை அரித்த கேள்வியை நர்ஸ் ஒருவழியாகக் கேட்டேவிடுகிறாள்: "இங்க இத்தனை வருஷம் வார்டு வார்டா ஓடினதெல்லாம் வீணாப் போயிடுமா?" "ஒண்ணும் போகாதும்மா. ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. இங்க பார்த்த வேலையையும் அங்க பார்க்கப்போறதையும் சேர்த்தே கணக்குல எடுத்துக்குவாங்க. வயசானதும் நீங்க இருக்குற இடத்துக்கே பென்ஷன் வரும்" என்கிறது குரல். நர்ஸ் தலையை ஆட்டுகிறாள், தலையாட்டுவது போனில் கேட்காது என்பதுகூட உறைக்கவில்லை. பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த கணவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரே நாற்காலியில் சாய்ந்து, வெயிலில் காலை நீட்டிக் கண்ணை மூடுகிறான். "என்னங்க இது?" "பென்ஷன்காரன் எப்படி உட்காரணும்னு பழகிப் பார்க்குறேன்." "அதுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கு. எந்திரிங்க, பெட்டியைப் பிடிங்க" என்கிறாள். சொல்லிவிட்டு, அவன் எழுவதற்கு முன்பே நாற்காலியின் கைப்பிடியில் தானும் உட்கார்ந்துகொள்கிறாள்.