டப்பாவில் தூங்கிய கிளிப்

"ராத்திரி பல்லுல மாட்டிக்கக் குடுத்த இந்தக் கிளிப்பை உங்க வீட்டுக்காரர் போடறதே இல்லம்மா," என்றார் பல் டாக்டர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் கணவர் முதுகு வளையாமல் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தை விட்டு வந்து பல வருஷம் ஆகியும் அவர் உட்காருகிற விதம் மட்டும் மாறவில்லை.

"இல்லையே டாக்டர். தினமும் காலையில பிரஷ் போட்டுத் தேய்ச்சு டப்பாவுல வெக்கறாரே. நானே பார்க்கறேனே. கிளிப்தான் சரியா வேலை செய்யலைன்னு நினைச்சேன்."

டாக்டர் கிளிப்பை விளக்கடியில் திருப்பிக் காட்டினார். "இத்தனை நாள் தூக்கத்துல பல்லைக் கடிச்சிருந்தா இந்த ஓரமெல்லாம் தேஞ்சிருக்கும். இது புதுசு மாதிரியே இருக்கு. மிஞ்சிப்போனா நாலஞ்சு ராத்திரி போட்டிருப்பார்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அப்போ தினம் தேய்ச்சு வெச்சது என்னை ஏமாத்தவா?"

அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"பாருங்க டாக்டர், இப்படித்தான். பட்டாளத்துல மேலதிகாரி சொன்னா தலைகீழா நின்னுக்கூடப் போட்டிருப்பார். பெண்டாட்டி சொன்னா காத்தோட போச்சு."

"இது விளையாட்டு இல்ல சார்," என்றார் டாக்டர். "சண்டையில பார்த்ததெல்லாம் கனவா வருது. கூடவே தொண்டை அடைச்சு மூச்சு திணறுது. இந்தக் கிளிப் கீழ்த்தாடையை முன்னால இழுத்துப் பிடிச்சா மூச்சு சீராப் போகும். நீங்க கத்திக்கிட்டு எழுந்திருக்கறதும் குறையலாம். இப்படியே விட்டா இதயத்துக்கு நல்லதில்ல."

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க டாக்டர். இவருக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"போட்டா வலிக்குதா சார்?"

"இல்ல."

"எச்சில் ஊறுதா?"

"அதெல்லாம் இல்ல."

"போட்டப்போ கனவு வந்துச்சா?"

"வரல."

"அப்புறம் என்னதான் சார் கஷ்டம்?"

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார்.

டாக்டர் பெருமூச்சு விட்டு அவளிடம் திரும்பினார். "நீங்களாவது தூங்கறீங்களாம்மா?"

"எனக்கென்ன டாக்டர், பழகிப்போச்சு. இவர் குறட்டையைக் கேட்டுக்கிட்டே கட்டை மாதிரி தூங்கிடுவேன். நடுவுல கத்தினா முதுகுல ரெண்டு தட்டு தட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன். இந்தக் கிளிப் வந்த புதுசுலதான் பொட்டுத் தூக்கம் இல்ல. அறையே அப்படியொரு நிசப்தமா..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

கணவர் தொண்டையைச் செருமினார். அறைக்குள் வந்ததிலிருந்து இப்போதுதான் தானாகப் பேசினார்.

"முழிப்பு வந்தப்பெல்லாம் பார்த்தேன் டாக்டர். என் மூக்குக்கிட்ட விரலை வெச்சு, மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. சத்தம் இல்லேன்னா இவளுக்குப் பயம்."

அவள் வலது கை மெல்லக் கைப்பைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"நாலு ராத்திரி பொறுத்துட்டு, அஞ்சாம் நாள் கிளிப்பைப் போடாமப் படுத்தேன். அன்னிக்குத்தான் இவ குறட்டை விட்டுத் தூங்கினா."