அடிக்காத ஒரு வரி

கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசைமேல் பெட்டிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. தையற்கடைக்காரி ஒன்றை எடுக்கிறாள், வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள். அவள் வலது கால் மெஷினை மிதிப்பதுபோல் தரையில் ஆடிக்கொண்டே இருக்கிறது. கடைக்குள் புகுந்த மதிய வெயில் வெற்று கேபினெட்டின் தகரத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. கழுத்தில் கிடந்த டேப்பை உருவி கிராபிக்ஸ் கார்டை அளக்கிறாள், பிறகு கேபினெட்டின் உள்வயிற்றை. "அளவு சரியா இருக்குண்ணே. ஆனா தையலுக்கு இடம் விட வேணாமா? வயரெல்லாம் எங்க போகும்?" கடைக்காரர் சிரித்தபடி சின்ன கார்டு ஒன்றை எடுத்து வைக்கிறார். "விரலுக்குத் தகுந்த வீக்கம்தாம்மா. எந்த கேம் விளையாடப் போறீங்க?" அவள் காதில் வாங்காமல், துணியில் கோடு போடும் சாக்கட்டியால் அவர் எழுதித் தந்த விலைப்பட்டியலில் சில வரிகளை அடிக்கிறாள். விளக்கு எரியும் ஃபேன் போகிறது. ராம் மெமரி பாதியாகிறது. அப்படியும் கையிலிருக்கும் பணத்துக்குள் அடங்கவில்லை. "இந்த மைக் வச்ச ஹெட்செட்ட விட்டுருங்களேன், அது இல்லாமலே விளையாடலாம்" என்கிறார் அவர். ஆடிய கால் சட்டென்று நிற்கிறது. "விளையாட யாருக்குண்ணே தெரியும்? என் தம்பி கோவிச்சுக்கிட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சு. போன் எடுக்க மாட்டேங்குறான். அவன் விளையாடுற கேம்ல மட்டும் யார் வந்தாலும் மைக்ல பேசுறானாம்." ஹெட்செட்டைத் தலையில் மாட்டுகிறாள். எதிலும் செருகாத அதன் வயர் காற்றில் ஆடுகிறது. மைக்கை வாயருகே இழுத்து, தொண்டையைச் செருமி, குரலைத் தடிமனாக்குகிறாள். "ஹலோ ப்ரோ..." கடைக்காரரை நிமிர்ந்து பார்க்கிறாள். "இப்படிப் பேசினா அக்கான்னு தெரியுமாண்ணே?"